முடிச்சாச்சு

கன்னியாகுமரி கடற்கரையில் ஏதாவது ஒரு சாயாக்கடை வாசலில் கால் மணி நேரம் நின்றால் இந்தச் சொல் காதில் விழுந்துவிடும். "சுசீந்திரம் முடிச்சாச்சு, வட்டக்கோட்டை முடிச்சாச்சு. இனி பத்மநாபபுரம், தொட்டிப்பாலம், திற்பரப்பு மூணையும் முடிச்சிட்டா சாயங்காலம் இங்க வந்து சூரியன் மறையிறதைப் பார்த்திரலாம்." வேன் ஓட்டுகிறவரிடம் "அண்ணாச்சி, ஒரே நாள்ல எல்லாம் முடியுமா?" என்று கேட்டால் அவரும் மறுப்பதில்லை. "அதுக்கென்ன சார், தாராளமா முடிச்சிரலாம்." கடனை முடிப்பது, கணக்கை முடிப்பது, வழக்கை முடிப்பது என்று பயன்படும் ஒரு வினை, கோட்டைக்கும் மலைக்கும் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி. அதிலும் அந்த "ஆச்சு" இருக்கிறதே, அது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல்தான் வருகிறது. படிப்பை முடிச்சாச்சு, வேலை வாங்கியாச்சு, வளைகுடாவுக்குப் போயாச்சு, வீட்டுக்குப் பால் காய்ச்சியாச்சு. வெற்றி என்றால் இந்த ஆச்சுகளின் எண்ணிக்கை என்று ஒரு கணக்கு இந்த மாவட்டத்தில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஊர் சுற்றுவதும் அதே கணக்கின் கிளை என்றே நினைக்கிறேன். மருந்துவாழ்மலை உச்சியில் கை விரித்து நின்று படம் எடுத்து, "மலையை ஜெயிச்சாச்சு" என்று போடுகிறார்கள். அந்த உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் நிலத்தில்தான் இந்தச் சொல்லுக்கான பதில் கிடக்கிறது. அதனால் கோட்டைகளையும் மலையூர்களையும் எந்த வரிசையில், எப்படிப் பார்த்தால் அந்தப் பதில் கண்ணில் படும் என்பதை விவரமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அந்த ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கன்னியாகுமரியில் கிளம்பி வட்டக்கோட்டை, சுசீந்திரம், பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி போய்த் திரும்ப 120 கிலோமீட்டருக்குக் குறையாது. பார்வதிபுரம், தக்கலை நெரிசலில் மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடினாலே பெரிய விஷயம். காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குள் திரும்ப வேண்டுமென்றால் கையில் இருப்பது 10 மணி நேரம். வண்டியில் 4 மணி, சாப்பாட்டுக்கு 1 மணி போக, 5 இடத்துக்கு 5 மணி நேரம். வண்டி நிறுத்த, சீட்டு வாங்க, செருப்பைக் கழற்றி மாட்ட, கழிப்பறை தேட என்று ஒவ்வொரு இடத்திலும் 20 நிமிடம் போய்விடும். மிஞ்சுவது 40 நிமிடம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு மட்டுமே 2 மணி நேரம் வேண்டும். அதுவும் அங்கே மதியம் 1 மணிக்கு மூடி 2 மணிக்குத்தான் திறப்பார்கள். திங்கட்கிழமை முழுநாள் விடுமுறை. சுசீந்திரத்திலும் உச்சிப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். நண்பகலுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களின் நாள் அத்தோடு குலைந்துவிடும். குலைவதற்குக் காரணம் ஓட்டுநரோ கூட்டமோ அல்ல, திட்டத்திலேயே இடைவெளி வைக்காததுதான். குமரி மாவட்டத்துக்கு ஒரு நாள்தான் கையில் உண்டு என்றால், ஒரு கோட்டையும் ஒரு மலையும் போதும். மற்றதை விட்டுவிடுங்கள்.

கணவாயைப் பார்த்துத் தொடங்குதல்

இங்குள்ள கோட்டைகளைத் தனித்தனிச் சின்னங்களாகப் பார்த்தால் ஒன்றுமே விளங்காது. அவை ஒரே கேள்விக்குச் சொன்ன பதில்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அன்றைய திருவிதாங்கூர் அரசுக்கு இயற்கை மதிலாக நின்றது. அந்த மதிலில் தெற்கே ஒரு வாசல் திறந்து கிடந்தது. அதுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் படையும் வணிகமும் அந்த வழியாகத்தான் வந்தன. இன்றைக்கும் திருநெல்வேலியிலிருந்து வரும் சாலையும் 1981-இல் திறந்த ரயில் பாதையும் அதே வாசலில்தான் நுழைகின்றன. ஆடிக் காற்றும் அதே வாசலில்தான் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதும் அதனால்தான். படையைத் தடுக்கச் சுவர் கட்டிய இடுக்கில் இப்போது மின்சாரம் எடுக்கிறோம். இது மனதில் பதிந்துவிட்டால், வட்டக்கோட்டை ஏன் கடலோரத்தில் அந்த இடத்தில் நிற்கிறது, உதயகிரிக் கோட்டை ஏன் உள்ளே தள்ளி இருக்கிறது என்பதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஏற்ற இடம் மருந்துவாழ்மலை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் பொற்றையடியில் இறங்க வேண்டும். பாதி வழிக்குப் படிகள் உண்டு. அதன் பிறகு பாறைதான். சாதாரணமாக ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். விடியற்காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை அடுப்புக் கல்லாகச் சுட ஆரம்பிக்கும், மேலே நிழலும் குறைவு. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். வழியில் சுனை இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. தண்ணீரையும் தின்பண்டத்தையும் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக் கொண்டு போனால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும்; முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிட்டால் பெரும்பாலும் கிட்டே வராது. அடி தேய்ந்த ரப்பர் செருப்போடு ஏறிவிடலாம், இறங்கத்தான் முடியாது. முட்டி நோவும் சறுக்கலும் இறக்கத்தில்தான் வரும், அதனால் இறங்க ஏறிய அளவு நேரத்தை ஒதுக்குங்கள். நாராயணகுரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை இந்த மலையில்தான் இருக்கிறது. உச்சியில் நின்றால் தெற்கே கடல், கீழே குளங்களும் வயலும் தென்னையும், வடக்கே மலைத் தொடர், அதன் காலடியில் சுற்றும் காற்றாலைகள். ஆரல்வாய்மொழி வாசல் எவ்வளவு குறுகலானது என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைக்கும். படம் எடுத்து முடித்ததும் இறங்கிவிடாமல் அரை மணி நேரம் வடக்கு நோக்கி உட்காருங்கள். மற்ற எல்லாக் கோட்டைகளுக்கும் அதுதான் வரைபடம்.

பிறகு வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து 6 கிலோமீட்டர். பெயரில்தான் வட்டம், கட்டடம் நாற்கரம். சுமார் மூன்றரை ஏக்கர். எல்லோரும் நேரே மேலே ஏறிக் கடலைப் பார்க்கத்தான் ஓடுகிறார்கள். கடல் நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கோட்டையைப் படிக்க வேண்டுமென்றால் சுவரின் தடிமனைக் கவனிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரையும் சேர்த்து உயரம் 25, 26 அடி. தடிமனோ முன்புறம் 29 அடி, மூலைகளில் 18 அடி, பின்புறம் 6 அடி. எதிரி எந்தப் பக்கம் பீரங்கியை நிறுத்துவான் என்று கட்டியவர் கணித்திருந்தார் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும். பீரங்கிக் குண்டுக்கு உயரமான சுவர் பதில் ஆகாது. தடித்த சுவர்தான் பதில். வெறும் கல்லாக இருந்தால் குண்டு பட்டுச் சில்லுகள் உள்ளே இருப்பவர்களையே கொல்லும், அதனால்தான் அந்தக் காலத்துக் கோட்டைகளில் கல் முகப்புக்குப் பின்னால் மண்ணைக் கொட்டித் திணித்தார்கள். மேலே போகப் படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை வைத்திருப்பதையும் பாருங்கள்: பீரங்கியைப் படியில் உருட்டி ஏற்ற முடியாது. கல்லில் மீன் சின்னமும் தென்படும்; பாண்டியர் கை பட்ட இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மதில்மேல் காற்று ஆளைத் தள்ளும். குடை உதவாது, தொப்பியும் நிற்காது, குழந்தைகளின் கையை விடக் கூடாது.

1809 பிப்ரவரி

கடலோரத்தில் வட்டக்கோட்டை நின்றது. அங்கிருந்து வடக்கே கணவாய் வரை அரண் வரிசை போனது. ஆரல்வாய்மொழியில் அது இரு பக்க மலைகளுக்கும் நடுவே சாலையை மறித்து நின்றது. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் "பார்க்க ஒண்ணும் இல்லியே" என்று திரும்பிவிடுகிறார்கள். உண்மைதான், சீட்டு வாங்கி உள்ளே போகும்படி எதுவும் இல்லை. சாலையும் தண்டவாளமும் காற்றாலைகளும்தான். இருந்தும் இந்த மாவட்டத்துக் கோட்டைகளிலேயே அதிகம் சொல்லித் தருகிற இடம் இதுதான் என்பேன்.

1809-இல் திருவிதாங்கூரின் தளவாய், அதாவது தலைமை அமைச்சர், வேலுத்தம்பி கும்பினியை (கிழக்கிந்தியக் கம்பெனியை) எதிர்த்து எழுந்தபோது, திருவிதாங்கூரின் முழு நம்பிக்கையும் இந்த வாசலின் மேல்தான் இருந்தது. தளவாயின் சொந்த ஊரான தலக்குளம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது, அவருக்கு இந்த நிலம் உள்ளங்கை ரேகை. கர்னல் செயின்ட் லெகர் தலைமையில் வந்த கும்பினிப் படைக்குச் சாலை வழியாக முட்டிப் பார்ப்பது உயிர்ச்சேதம் என்று தெரிந்திருந்தது. பீரங்கிகள் எல்லாம் சாலையைத்தான் குறி பார்த்து நின்றன. அதனால் மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு தெற்குப் பக்க மலையில் இரவோடு இரவாக ஏறியது. அந்த மலையில் பாதை கிடையாது; செங்குத்துப் பாறை, முள், இருட்டு. இரவெல்லாம் தொற்றித் தொற்றி ஏறி, பிப்ரவரி 10 விடியும் முன் மேலிருந்த காவல் அரணைப் பிடித்தார்கள். அங்கிருந்து கீழே நிற்கிறவர்களின் முதுகு தெரிந்தது. பகல் விரிந்தபோது வாசல் போய்விட்டிருந்தது. அடுத்த சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. வேலுத்தம்பி வடக்கே போய் மண்ணடியில் உயிர்விட்டார்.

இந்த ஓர் இரவின் மேல் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது. அரண் பலவீனமாக இருந்ததால் விழவில்லை. மலைப் பக்கம் யாராலும் வர முடியாது என்ற எண்ணம் அங்கே இருந்தது. அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை வேலை "முடிச்சாச்சு". சாலைப் பக்கம் எத்தனை பீரங்கி, எத்தனை அடித் தடிமன் என்று எண்ணி எண்ணிச் சேர்த்தார்கள். எண்ணாமல் விட்ட பக்கத்திலிருந்து ஆள் வந்தான். எண்ணிச் சேர்க்கிற மனசுக்கு எண்ணப்படாத பக்கம் தெரியாது. ஆரல்வாய்மொழியில் நிற்கிறவர்கள் சாலையைப் பார்க்காமல் தெற்கே திரும்பி அந்த மலைச் சரிவைப் பார்க்க வேண்டும். வெயில் சாய்ந்த பிறகு, நாலரை மணிவாக்கில், பாறைகளின் நிழல் நீளும்போது அதன் செங்குத்து நன்றாகத் தெரியும். பகலிலேயே அதில் ஏறத் துணிவு வராது.

அதே பக்கம் காற்றாடிமலை இருக்கிறது. உதயகிரிக் கோட்டை வேலையில் இருந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று அந்த மலையில் சுடப்பட்டார். 2022 மே 15-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறை உண்டு. ஆரல்வாய்மொழிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அவருக்காகவே வருகிறார்கள். கணவாயையும் மலையையும் ஒரே நடையில் பார்க்க அவர்களால் முடியும். கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் போதும்.

இரண்டு கல்லறைகள்

தேவசகாயத்துக்கு விவிலியக் கதை சொன்னவர் டிலனாய். 1741-இல் குளச்சலில் டச்சுப் படை தோற்றபோது பிடிபட்டவர்களில் ஒருவர். அந்த ஒரு வரியோடு அவருடைய வாழ்க்கை முடிந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். தோற்ற படை, சிறைப்பட்ட அதிகாரி, தெரியாத மொழி, திரும்ப முடியாத ஊர். ஆனால் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அவரிடம் படைப் பயிற்சியையும் கோட்டை வேலையையும் ஒப்படைத்தார். உதயகிரி புதிதாக எழுந்தது, உள்ளே பீரங்கி வார்க்கும் உலை வந்தது, வட்டக்கோட்டை வலுப்பட்டது. ஊர் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தது. சுமார் 37 ஆண்டு இங்கேயே உழைத்து 1777-இல் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே இறந்தார். கூரை இல்லாத சிற்றாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே இருக்கின்றன. பக்கத்தில் மனைவியும் மகனும்.

உதயகிரி நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையில் புலியூர்க்குறிச்சியில், தக்கலைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. சுமார் 90 ஏக்கர், நடுவில் 260 அடி உயரத்தில் ஒரு குன்று. இப்போது வனத்துறை அதைப் பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருக்கிறது. அதனால் வருகிறவர்கள் மான், மயில், ஊஞ்சல் என்று சுற்றிவிட்டு 40 நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். கல்லறைக்குப் போகாமலே "உதயகிரி முடிச்சாச்சு". உள்ளே நுழைந்ததும் முதலில் கல்லறைக்கு வழி கேட்டு அங்கே போய்விடுங்கள், பூங்காவைத் திரும்பி வரும்போது பார்க்கலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தேய்த்துப் படிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. கல் அரித்துப்போகும், தயவுசெய்து செய்யாதீர்கள். வெள்ளைத்துணி ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பினாலே எழுத்து எழும்பி வரும். மழைக்காலத்தில் மதில் கல் எல்லாம் பாசி, ஏற வேண்டாம்.

அங்கிருந்து 2 கிலோமீட்டரில் வேளிமலை அடிவாரத்தில் பத்மநாபபுரம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். ஆறரை ஏக்கர் அரண்மனையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். இரண்டாவது கல்லறைக்கு வருகிறேன், அதற்கு மலைக்குப் போக வேண்டும்.

குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை. கோதையாற்றின் குறுக்கே 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த அணை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்து வேலை, முன்னின்று கட்டியவர் பொறியாளர் மிஞ்சின். ஊரார் வாயில் அவர் மூக்கன் துரை. அவரும் ஊருக்குத் திரும்பவில்லை, அவர் கல்லறையும் அணைப் பக்கத்தில்தான். ஒருவர் கோட்டைக்காரர், ஒருவர் தண்ணீர்க்காரர். இருவரும் தாங்கள் எழுப்பியதன் ஓரத்திலேயே படுத்திருக்கிறார்கள். அணைக்கு வருகிறவர்கள் படகு எப்போது, மீன் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்கள். துரை எங்கே என்று கேட்பவர் குறைவு. பேச்சிப்பாறைத் தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது என்பதை அறிய மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல், ஆற்றுக்கு மேலே ஓர் ஆறு போகிறது. அதைப் புகைப்படத்துக்கான இடமாக மட்டும் பார்ப்பவர்களுக்கு, அந்தப் பக்கத்து வயலில் நடவு எப்படி நடக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

மலையூர்களுக்குப் போகிறவர்களுக்கு

மலைக்கு இரண்டு வழி. கிழக்கே நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, காளிகேசம், பாலமோர். மேற்கே குலசேகரம், பேச்சிப்பாறை, கோதையாறு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். பேருந்தில் போகிறவர்கள் ஏறும்போதே நடத்துநரிடம் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மலையில் மாலை ஐந்து மணிக்கே இருட்டு இறங்கத் தொடங்கும், யானை நடமாட்டம் உள்ள பக்கம், அந்த நேரத்தில் சாலையில் நடப்பது துணிச்சல் ஆகாது, மடமை. கைப்பேசிக்குப் பல இடத்தில் அலைவரிசை கிடைக்காது. வீட்டில் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். இருசக்கர வண்டியில் போகிறவர்கள் இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் உருட்டக் கூடாது. இரண்டாவது கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிக்க விட வேண்டும், பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த வசதி குறைவு. தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறினால் பிடி தளர்ந்துபோகும், அதைத்தான் "பிரேக் ஃபெயிலியர்" என்று சொல்லி அழுகிறார்கள். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிட்டால் போதும்.

காட்டுக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீச் சாவுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. கோடையில், பொதுவாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, நடைவழிகளை மூடிவிடுவார்கள். உள்ளூர்ப் பையனைக் கூட்டிக்கொண்டு பின்வழியாகப் போய்விடலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பிடிபட்டால் தொல்லை உங்களோடு முடியாது. அந்தப் பையன் அங்கேதான் வாழ வேண்டும். காளிகேசம் ஓடையில் குளிக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தலைக்கு மேலே வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் மழை கொட்டலாம். தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினாலும், சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தாலும், ஓடையின் சத்தம் மாறினாலும் உடனே கரையேறுங்கள், உடுப்பை எடுக்கக்கூட நிற்காதீர்கள். சில நிமிடத்தில் முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும். மழை மாதங்களில் அட்டை ஏறும். சிறிய துணியில் உப்பு முடிந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிய்த்து எறியாமல் உப்பைத் தொட்டால் தானே விழும். பிய்த்தால் காயம் ஆறாமல் நாலு நாள் அரிக்கும்.

இந்த மலையூர்கள் காட்சிப் பொருள் இல்லை, வேலை நடக்கிற இடங்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போவார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதுதான் காரணம். இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக ஒரு கோடு, தடவைக்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. அதற்குமேல் ஆழம் போனால் மரத்தின் உயிர்ப் பகுதியில் கத்தி படும், அந்த இடத்தில் முண்டு கட்டி மறுபடி வெட்ட முடியாமல் போகும். நட்டு ஏழு வருடம் போல் காத்திருந்து வளர்த்த மரம். மழை பெய்தால் அன்றைக்குப் பால் இல்லை, கூலியும் இல்லை. சிரட்டையில் பால் நிரம்பிக் கிடப்பதைப் பார்த்து விரலை விட்டுப் பார்ப்பதும், படத்துக்காகச் சிரட்டையைத் திருப்புவதும் அவர்கள் அன்றாடச் சோற்றில் கை வைப்பது. தோட்டத்து வழி தனியார் வழி. வாசலில் ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் "போங்க மக்கா, சூதானமா" என்றுதான் சொல்வார்கள்.

பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் உள்ள சில காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்குப் படகுதான் வழி. அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் பெண்கள் பேறுகாலத்துக்குப் போவதும் அந்தத் தண்ணீரின் மேல்தான். அழைப்பில்லாமல் வேடிக்கை பார்க்க அங்கே போவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. தேனோ மிளகோ வாங்க வேண்டுமென்றால் அவர்கள் கீழே சந்தைக்குக் கொண்டுவருகிற நாளில், பேரம் பேசாமல் வாங்கலாம்.

மலையூரில் தங்கிப் பார்க்க ஒரே ஒரு காலத்தைச் சொல்லச் சொன்னால் கிராம்பு பறிக்கிற காலத்தைச் சொல்வேன். மாறாமலை, வேளிமலைப் பக்கத்துக் கிராம்பு. 2021-இல் கன்னியாகுமரி கிராம்பு என்று புவிசார் குறியீடு பெற்றது. நட்டபின் காய்ப்புக்கு ஏழெட்டு வருடம், முழு விளைச்சலுக்கு அதைப்போல் இன்னொரு மடங்கு. பறிப்பது பூவை அல்ல, மொட்டை. பச்சை மாறி அடியில் இளஞ்சிவப்பு ஏறும்போது பறிக்க வேண்டும். ஒரே கொத்தில் எல்லா மொட்டும் ஒரே நாளில் பழுக்காது, அதனால் அதே மரத்துக்குப் பல தடவை ஏற வேண்டும். விரிந்துவிட்டால் விலை போய்விடும். கிளை எளிதில் முறியும் மரம், அதனால் கிளையில் கால் வைக்காமல் ஏணியில் நின்று பறிப்பார்கள். ஒரு கிளை முறிந்தால் அடுத்த வருட மொட்டும் போச்சு. பறித்ததைப் பாயில் பரப்பி நாலைந்து நாள் வெயிலில் காயவிட வேண்டும், மூன்று கிலோ பச்சை மொட்டு ஒரு கிலோ உலர் கிராம்பாகும். நடுவில் ஒரு மழை நனைத்தால் வெளுத்துப் பூசணம் பிடிக்கும். அதனால் முற்றத்தில் எப்போதும் ஒருவர் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

பறிப்புக் காலத்தில் போகிறவர்கள், வீட்டு முற்றத்தில் பாய் விரித்திருந்தால் செருப்போடு பக்கத்தில் போகாதீர்கள், வண்டியைக் காற்று வரும் பக்கம் நிறுத்தாதீர்கள், புழுதி அப்படியே மொட்டில் ஒட்டிக்கொள்ளும். சற்றுத் தள்ளி நின்று பேச்சுக் கொடுங்கள். மரச்சீனிக் கிழங்கு அவிந்திருந்தால் மீன்கறியோடு உட்காரச் சொல்வார்கள். உட்காருங்கள். மேகம் திரண்டால் பாயைச் சுருட்ட நாலு கை கூடுதலாக இருக்கும்.